ஆவுடையார்கோயிலில் புடாபெஸ்ட்!

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் ஜன்னல் சீட் கிடைத்தால் பாதிப் புண்ணியம் சேர்ந்த மாதிரி. எனக்குக் கிடைத்தது. பின்னாலேயே அப்பா ஏறினார். அவருக்குக் கிடைத்தது.

"காதுல என்னடா ஒயர்?"

"பாட்டுப்பா."

"அதேதானே?"

அதேதான். இளையராஜாவின் 'திருவாசகம்'. 2005-ல் வெளிவந்த சூட்டில் சி.டி. வாங்கி வந்து ஹாலில் போட்டேன். சரியாக இரண்டு நிமிஷம். "யார் வீட்ல பேண்டு?" என்றபடி வந்தார் அப்பா. "திருவாசகம்னா ஓதுவார் மோகனத்துல பாடணும். அதுக்கு எதுக்குடா ஃபிடில் கோஷ்டி?" என்று ஸ்விட்சை அணைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது காது வழியாக மட்டும்தான்.

அப்பா கட்சிக்கு அப்போது ஆள் பலம் ஜாஸ்தி. மாணிக்கவாசகருக்கு நடுவில் இங்கிலீஷ் எதற்கு என்று ஒரு கோஷ்டி. (அதை எழுதியவர் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ்.) இது சிம்பொனியே இல்லை, ஆரட்டோரியோ என்று இன்னொரு கோஷ்டி. பின்னது நியாயம்தான். சாட்சாத் சிம்பொனி என்று ராஜா லண்டனில் அரங்கேற்றியது 2025 மார்ச்சில்தான். ஆனால் பெயர் தப்பு என்பதால் பாட்டு தப்பாகிவிடுமா, சார்?

ஆர்க்கெஸ்ட்ராவோடு மோதிக்கொண்டவர்கள் வெள்ளைக்காரர்களிலும் உண்டு. 1967-ல் மூடி ப்ளூஸ் என்ற ராக் கோஷ்டி லண்டனில் அப்படி ஒரு ஆல்பம் போட்டது. அதில் கடைசியாக வரும் பாட்டு அமெரிக்காவில் பெரிய ஹிட் ஆனது 1972-ல்! நம் வீட்டு ஹால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ராஜா ஹங்கேரிக்குப் போனார். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் லாஸ்லோ கோவாச். வாசித்தவர்களுக்குத் திருவாசகம் என்றால் என்னவென்று எங்கே தெரியப்போகிறது? முன்னால் இருந்த நோட்ஸைப் பார்த்தார்கள், வாசித்தார்கள். கலவை நியூயார்க்கில். 51 பகுதி கொண்ட நூலிலிருந்து ஆறே ஆறு பாட்டு. அதில் 'பொல்லா வினையேன்' மட்டும் சுமார் 20 நிமிஷம். அது சிவபுராணத்தில் ஒரு துண்டு. அந்தச் சிவபுராணம் பாடப்பட்ட திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில். அறந்தாங்கியில் இறங்கி, பஸ் மாறி, தெற்கே 14 கிலோமீட்டர்.

கதை நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்காகவே எழுதியது. பாண்டியனின் மந்திரி குதிரை வாங்க அட்வான்ஸோடு டூர் வருகிறார். குருந்த மரத்தடியில் ஒரு குரு. மொத்தப் பணமும் கோயிலுக்குச் செலவு. ஒரு பில் கிடையாது, வவுச்சர் கிடையாது! ராஜா கேட்டபோது சிவனே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரியாக்கி ஒப்படைத்தார். ராத்திரியே அவை மறுபடி நரி. எங்கள் ஆபீஸில் ஆடிட் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

கோயிலில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, கல்லிலேயே ஆணி அடித்த மாதிரி செய்திருக்கிறார்கள். 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக வேறு எதுவும் செய்து தருகிறோம்' என்று அந்தக்கால ஸ்தபதிகள் ஒப்பந்தத்திலேயே எழுதுவார்களாம். விவரமானவர்கள்.

இத்தனை வேலைப்பாட்டையும் தாண்டி உள்ளே போனால்... ஒன்றும் இல்லை! லிங்கம் கிடையாது. ஆவுடையார் மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை, சந்நிதி தெற்கு பார்த்து. நைவேத்தியம்கூட ஆவிதான். புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்லில் கொட்டுகிறார்கள், எழும்பும் ஆவி சுவாமிக்கு.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிவபுராணம் ஆரம்பித்தார். 95 வரி. நான் சின்னப் பையனாக இருந்தபோதிருந்து தினமும் காலையில் கேட்ட குரல். நான் மனப்பாடம் பண்ணியதே இல்லை. இருபத்தைந்தாவது வரிக்கு வந்ததும் நின்றார். மறுபடி சொன்னார். மறுபடி நின்றார். கைவிரல் வேட்டி ஓரத்தைத் தேடியது. போன வருஷத்திலிருந்து வீட்டிலும் இப்படித்தான். சாவி, கண்ணாடி, என் பெண்ணின் பெயர். ஆனால் சிவபுராணம் போனதில்லை.

நான் எடுத்துக் கொடுத்தேன். சும்மா சொல்ல வரவில்லை. ராஜா மெட்டில்தான் வந்தது. வேறு மாதிரி எனக்குத் தெரியாதே! அப்பா கண் திறக்கவில்லை. இரண்டு வரி கூடவே வந்தார். மூன்றாவது வரியில் தன் மோகனத்துக்குத் திரும்பிக் கடைசி வரை நிற்காமல் போனார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்வரை பேச்சில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் மறுபடியும் அவருக்கே. கிளம்பினதும், "ஒரு ஒயரை இங்க குடு" என்றார்.

ஆளுக்கொரு காது. அறந்தாங்கி வரும்வரை அசையவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

"வாசிக்கிறவனுங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாதுப்பா. ராஜா எழுதிக் குடுத்ததைப் பார்த்து வாசிக்கறாங்க."

"மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல சிவனே உக்காந்து எழுதினார்ம்பாங்க..." கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கான். அந்த இங்கிலீஷ் மட்டும் வேண்டாம்டா."

"அதைத் தனியா எடுக்க முடியாதுப்பா."

"சரி. அப்ப முதல்லேர்ந்து வை."