எண்பதில் நின்ற மின்கலம்

பல ஆண்டுகளாக நாம் தொகுத்து வரும் அரபு - தமிழ்ச் சொல்லகராதி இப்போது ஒரு மடிக்கணினியில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் காலையில், அதன் மின்கலம் எண்பது விழுக்காட்டிற்கு மேல் ஏற மறுத்தது. சார்ஜரைச் செருகியே வைத்திருந்தும் பயனில்லை.

முதல் நாள் மாணவர் ஒருவர் பாடக்குறிப்பு எழுத அதனை வாங்கிச் சென்று, மாலையில் திருப்பித் தந்திருந்தார். வேறு காரணம் தேடாமல், "என்ன தம்பி செய்து வைத்தீர்?" என்று பிற மாணவர் முன்னிலையில் அவரைக் கடிந்து கொண்டோம். அவர் தலை குனிந்து நின்றார். பழுது பார்க்கும் கடைக்காரரோ கணினியைத் திறந்தும் பாராமல், பேட்டரியை மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்றார். நம்மைப் போன்ற ஆசிரியனுக்கு அது சிறு தொகையன்று.

மாலையில் அம்மாணவரே வந்தார். "ஹஜ்ரத், நான் ஒரு முறை பார்க்கட்டுமா?" என்றார்.

முதலில் வேறொரு பிளக்கில் செருகிப் பார்த்தார். சார்ஜரில் அச்சிட்டிருந்த 65 வாட் என்னும் அளவு கணினிக்கு உரியதுதானா என ஒப்பிட்டார். வாட் குறைந்தால் கணினி ஓடும், கலம் நிறையாது என்றார். செருகும் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று விளக்குப் பிடித்து நோக்கினார். அடிப்பாகம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உப்பிய கலத்தைப் பயன்படுத்தலாகாது; அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும். பின்னர் விண்டோஸில் உள்ள 'பேட்டரி ரிப்போர்ட்' என்னும் அறிக்கையை எடுத்தார். புதிதில் 50,000 மில்லிவாட் மணி கொண்ட கலம், இன்றும் 43,000 கொள்கிறது. கலத்தில் குறையில்லை!

இறுதியில் கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். மின்கலத்தைக் காக்க எண்பதில் நிறுத்துக என்னும் ஏற்பாடு அங்கே இயங்கிக் கொண்டிருந்தது. முந்திய இரவு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புத் தோன்றியதும், அதனைப் படியாமலே 'ஆம்' என்று அழுத்தியதும் அப்போதுதான் நம் நினைவிற்கு வந்தன. செய்தது நம் விரலே.

1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம், எந்நேரமும் நிறைந்தே இருந்தாலும் வெப்பத்தில் கிடந்தாலும் விரைவில் மூப்படையும். ஆகவே எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினிக்கு எண்பது நன்மையே. மின்னேற்றத்தை அரபியில் 'ஷஹ்ன்' என்பர். கப்பலில் சரக்கேற்றுவதற்கும் அதுவே சொல். கப்பலுக்கும் ஏற்றத்தில் ஓர் அளவுண்டு. அச்சொல்லை அகராதியில் எழுதிய நாம், அளவை மறந்தோம். விசாரியாமல் பழி சுமத்துவதில் நமக்கிருக்க வேண்டிய அளவையும் மறந்தோம்.

மறுநாள் அதே மாணவர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்துடன் சொன்னார்: "வெளியூர் போகும் நாளில் மட்டும் நூறு வரை ஏற்றிக் கொள்ளுங்கள், ஹஜ்ரத்."