பாட்டுக்கு ஓர் அறை

சென்ற நவராத்திரிக்கு முன், நம் சங்க விழாவிற்காக ஒரு பாட்டைப் பதிவு செய்ய என் பேத்தி முயன்றாள். துவாரகையில் குடியிருப்போர் அறிவர். பல்லவி முடியுமுன் ஒரு விமானம் தலைக்கு மேல் இரைந்து செல்லும். அவள் சன்னலைச் சாத்தினாள். துணி அலமாரிக்குள் நின்றாள். போர்வைக்குள் புகுந்தும் பாடினாள். ஏழாம் முறை விமானம் ஓய்ந்தது. காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்தார்! “கோடம்பாக்கத்தில் மட்டும் எப்படித் தாத்தா பாடினார்கள்?” என்று அலுத்துக்கொண்டாள்.

விடையாக ஓர் அறையின் கதையைச் சொன்னேன். எல். வி. பிரசாத் நிறுவிய ஸ்டூடியோவின் ஒலிப்பதிவுக்கூடத்தில் இளையராஜா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இசையமைத்தார். பின்னர் அவ்விடம் பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தில்லியில் அமர்ந்து நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. அவர் கோடம்பாக்கத்தில் எம்.எம். பிரிவியூ தியேட்டர் என்னும் பழைய அரங்கை வாங்கி, ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார். 2021 பிப்ரவரி 3-ஆம் நாள் அங்கே பணி தொடங்கிற்று. முதலில் பதிவானது வெற்றிமாறனின் ‘விடுதலை’ படப் பாடல்.

பிரிவியூ தியேட்டர் என்பது, படம் வெளிவருமுன் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் பார்த்து எடைபோடும் இடம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அங்கே அமர்ந்திருந்தவர் எத்தனை பேரோ! படத்தின் கடைசி வேலை நடந்த அவ்விடத்தில் இன்று முதல் வேலை நடக்கிறது. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஓட்டலும், வாகினி நிலத்தில் மருத்துவமனையும் பேரங்காடியும் எழுந்துவிட்ட சென்னையில் இது எனக்குப் பெரிய ஆறுதல்.

பாடல் பதியும் கூடத்திற்கு வெளியோசை புகாத இரட்டைச் சுவர் வேண்டும். இரட்டைக் கதவு வேண்டும். குளிர்காற்றுங்கூட அரவமின்றி வர வேண்டும். ஆனால் ஓசை முழுவதையும் சுவரே விழுங்கிவிட்டால் வயலின் உயிரற்றுப் போகும். எவ்வளவு விழுங்குவது, எவ்வளவு திருப்பித் தருவது என்பதில்தான் கூடம் அமைப்போரின் திறமை இருக்கிறது. எல்லோரும் ஒருங்கே வாசித்த நாளில், ஒருவர் பிசகினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. 1984-இல் தில்லிக்கு வந்த புதிதில், குளிர்கால இரவுகளில் ஒலிநாடாவை ஓடவிட்டு, ஊரே வந்துவிட்டதாக உருகுவேன். வயலும் மழையும் அதில் கேட்டதாகவே எண்ணியிருந்தேன். அப்பாடல்களோ, ஊரின் ஓசை ஒன்றுகூட நுழையாத அறைகளில் பிறந்தவை! தவளையையும் மழையையும் சேர்த்துக் கேட்டது என் காதுதான்.

பேத்தி இரவு பதினொரு மணிக்கு மறுபடி பாடினாள். கடைசிச் சரணத்தில் தொலைவில் ஒரு விமானம் கேட்கிறது. அழித்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன், அப்படியே சங்கச் செயலாளருக்கு அனுப்பிவைத்தோம்.