மச்சானின் புல்வெட்டும் மெசின்

வாசக நேயர்களே, அறபு மத்ரஸாவில் கிதாபு ஓதிக் கொடுக்கும் ஒருவன் புல்வெட்டும் மெசினைப் பற்றி எழுத வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்புத்தான். ஆனால் அந்த மெசினின் எஞ்சின் ஆகாயத்தில் பறந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அது பறப்பதற்கு முன் எழுந்த ஒரு சிறு வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

2022 ஆம் ஆண்டு றமழானில் தராவீஹ் தொழுகை நடத்த இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போயிருந்தேன். அங்கே என் தங்கையின் குடும்பம் இருக்கிறது. அவளுடைய கணவர், என் மச்சான், அதற்கு முந்திய ஆண்டு மௌத்தாகி விட்டார். வார நாட்களில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் பிறருடைய தோட்டங்களில் புல் வெட்டும் வேலை என்று ஓய்வின்றி உழைத்த மனிதர். பத்தொன்பது வயதில் ஒரு மகனையும் எட்டு வயதில் ஒரு மகளையும் விட்டுச் சென்றிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே தங்கை கண் கலங்கினாள். "நானா, இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். வாப்பாட மெசினைத் துண்டு துண்டாகக் கழட்டி வெச்சிருக்கான். விளையாட்டுப் பிளேன் செய்யப் போறானாம்" என்றாள்.

கோபத்தோடுதான் கராஜுக்குள் நுழைந்தேன். நம் நாட்டில் மக்கள் பெற்றோலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. அந்த வரிசையில் நின்றுவிட்டுப் பயணம் புறப்பட்டவனுக்கு, பொம்மை விமானத்துக்குப் பெற்றோல் ஊற்றும் கதை எப்படி இனிக்கும்?

மேசையில் மச்சானின் மெசின் உறுப்பு உறுப்பாகக் கிடந்தது. நீண்ட குழாயும் கைபிடியும் ஒரு மூலையில். நடுவில் 31 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சுவரில் சாய்த்து வைத்திருந்த இறக்கை என்னைவிட உயரமாக இருந்தது. பொம்மை என்று நான் நினைத்தது பொம்மை அல்ல. ஒற்றை இறக்கை விமானம் என்றால் இறக்கையின் நீளம் 80 அங்குலமாவது இருந்தால்தான் இக்கலையில் ஈடுபட்டோர் அதைப் பெரிய மாதிரி விமானம் என்று கணக்கெடுப்பார்களாம்.

"ஏன் மகன், இதற்கென்று எஞ்சின் விற்பதில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா" என்று விளக்கினான். சிறிய மாதிரி விமானங்களின் எஞ்சின்கள் மெதனோல் கலந்த விசேட எரிபொருளில் ஓடுபவை. அதன் விலை அதிகம். பெரிய எஞ்சின் அதைக் குடித்துத் தீர்த்துவிடும். பெற்றோலோ மலிவு. அதனால் 1990களில் அமெரிக்காவில் பலர் ரயோபி 31 சிசி, ஹோம்லைட் 25 சிசி போன்ற புல்வெட்டி எஞ்சின்களை வீட்டிலேயே மாற்றியமைத்து விமானத்தில் பூட்டினார்கள். இன்று சீனாவில் செய்யப்படும் விமான எஞ்சின்களே மலிவாகக் கிடைப்பதால் இந்த வேலை குறைந்து விட்டது.

"அப்படியானால் உனக்கு ஏன் இந்தச் சிரமம்?"

அவன் தலையைக் குனிந்து கொண்டான். "இது வாப்பாட எஞ்சின் மாமா."

புத்தி சொல்லப் போனவனுக்கு வாய் அடைத்து விட்டது. ஆனாலும் நான் ஓதிய கல்வி என்னை விடவில்லை. "மகன், இது வாப்பா விட்டுச் சென்ற பொருள். அனந்தரச் சொத்து. உம்மாவிடமும் தங்கச்சியிடமும் கேட்டுத்தான் கழற்றினாயா?" என்றேன். அவன் திகைத்தான். பழைய இரும்புக்கும் பங்கு உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு மூவரையும் உட்கார வைத்தேன். மச்சானின் பெற்றோர் அவருக்கு முன்பே காலமாகி விட்டார்கள். கடன் எதுவும் மீதமில்லை. மெசினின் பெறுமதி 24 ஸ்டேர்லிங் பவுண் என்று மதித்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 பவுண். மீதி 21இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. தங்கை நெடுநேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "என்ட பங்கை நான் விட்டுத் தாறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன்" என்றாள். அவளுடைய கண்ணீருக்குக் காரணம் இரும்பு அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னவள், "எனக்கும் வேண்டாம்" என்றாள். ஆனால் வயது வராத பிள்ளை தன் பங்கை விட்டுக் கொடுக்க முடியாது. அவளுக்காகத் தாயும் விட்டுக் கொடுக்க முடியாது. மருமகன் 7 பவுணை எண்ணி அவளுடைய உண்டியலில் போட்டான்.

அதன் பிறகு நானும் அவனுக்கு உதவியாளனானேன். எஞ்சினைப் பறக்கச் செய்யும் வேலையில் பாதி, வேண்டாதவற்றை நீக்குவதுதான். கிளச், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பகுதி, பிளாஸ்டிக் உறை, டாங்கி எல்லாம் போயின. சமையலறைத் தராசில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. உறை இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறாதா என்று கேட்டேன். புரொப்பெல்லர் வீசும் காற்றே அதைக் குளிர்விக்கும் என்றான்.

கிளச் இருந்த இடத்தில், வண்டிச் சக்கரத்தின் குடம் போன்ற ஓர் அலுமினியத் துண்டை லேத்தில் கடைந்து பொருத்தி, அதில் 18 அங்குல மரப் புரொப்பெல்லரைப் பூட்டினான். அத்துண்டு மயிரிழை கோணினாலும் விமானம் முழுவதும் அதிர்ந்து ஆணிகள் கழன்றுவிடுமாம். பிளைவீலை மட்டும் அப்படியே விட்டான். அதிலுள்ள காந்தம் கொயிலைக் கடக்கும்போதுதான் பிளக்கில் பொறி பிறக்கிறது. காந்தத்துக்கும் கொயிலுக்கும் இடையே ஒரு கடதாசி அட்டையின் கனமளவே இடைவெளி இருக்க வேண்டும். அதை அளக்க என் சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டை வாங்கி இடையில் செருகினான். மத்ரஸாவின் முகவரிக்கு அப்படியும் ஒரு பயன்!

என்னை மிகவும் கவர்ந்தது காபரேற்றர்தான். மோட்டார் சைக்கிளின் காபரேற்றரில் மிதவை இருக்கும். வண்டியைக் கவிழ்த்தால் எரிபொருள் ஒழுங்காகப் போகாது. புல்வெட்டுபவரோ மெசினை எல்லாப் பக்கமும் சரிப்பார். அதனால் அதன் காபரேற்றரில் மிதவைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வு எரிபொருளை அளந்து விடுகிறது. அதே சவ்வின் தயவில் விமானம் தலைகீழாகவும் பறக்கிறது.

பழைய கைபிடியிலிருந்து ஒரே ஒரு பொருளை அவன் எடுத்து வைத்திருந்தான். எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். மச்சானின் பெருவிரல் பட்டுப் பட்டு அதன் நிறம் தேய்ந்திருந்தது. கொயிலின் மின்சாரத்தை எஞ்சினின் உடலுக்குத் திருப்பிப் பொறியை அணைப்பதே அதன் வேலை. அதை விமானத்தின் பக்கவாட்டில், இறக்கைக்குப் பின்னால் பொருத்தினான். தூரத்திலிருந்தே நிறுத்துவதற்கு ரேடியோ மூலம் இயங்கும் இன்னொரு சுவிட்சும் வைத்தான்.

பெருநாள் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே விமானக் கழகத்தின் மைதானத்துக்குப் போனோம். 2019 நவம்பர் 30 முதல் அந்நாட்டில் இத்தகைய விமானம் பறக்க விடுபவர் சிவில் விமான அதிகார சபையில் பதிந்திருக்க வேண்டும். மருமகன் பதிந்திருந்தான். கழகத்தின் மூத்தவர் ஒருவர் ஒவ்வோர் ஆணியாகச் சோதித்துவிட்டு எங்களை எச்சரித்தார். நிமிடத்துக்கு 7,000 தடவை சுழலும்போது அந்த மரப் புரொப்பெல்லரின் நுனி மணிக்கு 600 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. விரல் பட்டால் விரல் இல்லை. அதன் முன்னாலோ பக்கத்திலோ எவரும் நிற்கக் கூடாது. தடித்த கையுறை அணிந்து மருமகன் அதைச் சுற்றினான். நான் ஜுப்பாவை மடித்துக் கட்டிக் கொண்டு விமானத்தின் வாலைப் பிடித்திருந்தேன். நான்காம் சுற்றில் எஞ்சின் உறுமியது.

பத்து நிமிடம் பறந்தது. செலவான பெற்றோல் ஒரு தேநீர்க் கோப்பையளவு. தங்கை கார் அருகிலேயே நின்று மேலே பார்த்துக் கொண்டிருந்தாள். விமானம் இறங்கி, எஞ்சின் மெல்ல ஓடிக் கொண்டிருந்தபோது நான் வாலைப் பிடித்துக் கொண்டேன். மருமகன் தாயைப் பின்பக்கமாக அழைத்து வந்தான். "உம்மா, நீங்க நிப்பாட்டுங்க." அவள் அந்தச் சிவப்புப் பொத்தானில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். சத்தம் அடங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

வாசக நேயர்களே, நம் வீடுகளிலும் மரணித்தவரின் தையல் மெசினோ, கைக்கடிகாரமோ, துவிச்சக்கரவண்டியோ யாராவது ஒருவர் கையில் இருக்கும். எடுத்தவர் அன்பினால்தான் எடுத்திருப்பார். ஆனால் மற்றவர்களிடம் கேட்டு எடுத்தாரா? கேட்கவில்லை என்றால், இன்றே கேட்டு விடுங்கள். பங்கின் பெறுமதி 3 பவுணாக இருந்தாலும் சரியே.