மூன்று சீப்புப் பழம்

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து வந்த என் தந்தை கரமனையில் பழக்கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே என் நாள்கள் நகர்ந்தன.

கேரளப் பள்ளிகளுக்குக் கணினிவழிக் கல்வி புதிதன்று. 2001ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. 2017இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் கரமனைக்கு அருகே பூஜப்புரையில் உள்ளது. எங்கள் பள்ளிக்கும் கணக்குப் பயிற்சி தரும் மென்பொருள் ஒன்று வந்தது. அது விடையை மட்டும் திருத்துவதில்லை. ஒவ்வொரு படியையும் கவனித்து, மாணவர் எதை அறியவில்லை எனக் கணித்து, அதற்கேற்ற அடுத்த கணக்கைத் தரும். ‘உதவி’ப் பொத்தானை அழுத்தினால் சிறு குறிப்பு வரும், மீண்டும் அழுத்தினால் தெளிவான குறிப்பு, இறுதியில் விடையே வந்துவிடும்.

தவறாகச் சொன்னால் பிறர் நகைப்பார்களோ என அஞ்சிய எனக்கு அக்கணினி பெரும் ஆறுதல், அது சிரிக்காது. சிந்திக்காமலே பொத்தானை அழுத்தினேன். ஆனால், 3(அ − 4) = 15 போன்ற கணக்குகளே திரும்பத் திரும்ப வந்தன. ‘அறிவில்லாத இயந்திரம்!’ என எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் ஆசிரியை என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். 3அ − 4 = 15 என எழுதிவிட்டுக் கை நடுங்க நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

“நீ உதவி கேட்கும்போதெல்லாம், இது உனக்குப் புரியவில்லை எனக் கணினி குறித்துவைத்தது. ஏன் புரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்” என்றார்.

“எக்ஸ்பாண்ட் என்றால் என்னவென்று தெரியவில்லை, டீச்சர்” என்றேன். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

அவர் மலையாளத்தில் கேட்டார்: “உன் அப்பாவின் கடையில் மூன்று படலைப் பழம் இருக்கிறது. ஒவ்வொரு படலையிலும் நான்கு பழம் விற்றுப்போயிற்று. மொத்தம் எத்தனை குறைந்தது?”

படலை என்பது நம் சீப்பு. “பன்னிரண்டு!” என்றேன். எஞ்சியவை பதினைந்து, முன்பு இருந்தவை இருபத்தேழு, சீப்புக்கு ஒன்பது. விடை என் கையாலேயே பலகையில் விழுந்தது.

அதன்பின் முதற்குறிப்போடு நிறுத்திக்கொண்டேன். புரியாத சொல்லை வாய்விட்டுக் கேட்டேன். அடுத்த வாரமே கணினி எனக்குப் புதிய பாடத்தைத் திறந்தது.

சிந்தித்து எழுதுக
1. ஒரே வகைக் கணக்குகள் திரும்பத் திரும்ப வந்தது ஏன்?
2. கணினியால் அறிய இயலாத எதை ஆசிரியை அறிந்துகொண்டார்?
3. உங்கள் வீட்டுத் தமிழ்ச் சொல் ஒன்றையும், அதற்கு இணையான மலையாளச் சொல்லையும் எழுதுக.