வெச்சூர்ப் பசு உணர்த்தும் உண்மை

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் பழந்தமிழில் வழங்கியது. அச்செல்வத்தை எண்ணிக்கையால் மட்டும் அளவிடுவோர் அதன் பெரும்பகுதியைக் காணத் தவறுகின்றனர். கேரளத்து வெச்சூர்ப் பசுவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வேம்பநாட்டுக் காயலின் அருகே, வைக்கம் பகுதியில் அமைந்த ஊர் வெச்சூர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய பசு 90 சென்ரிமீற்றர் உயரத்தைக் கடப்பது அரிது; ஏறத்தாழ 130 கிலோகிராம் நிறையுடையது; நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று லீற்றர் பாலே தரும். ஆயினும் சிறிதளவு தீனி கொண்டு வாழும். வெப்பமும் ஈரமும் மிக்க காலநிலையைத் தாங்கும். ஏழைக் குடியானவனின் வளவுக்கு ஏற்ற பசு அது.

1961ஆம் ஆண்டில் கேரளத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதி பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க அது வழிசெய்தது. தொடர்ந்து, பிறநாட்டுக் காளைகளின் விந்தைக் கொண்டு செயற்கைமுறைச் சினைப்படுத்தல் ஊர்தோறும் பரவிற்று. நோக்கம் பழுதானதன்று, பாலும் பெருகவே செய்தது. ஆனால் நாட்டுக் காளைகள் அற்றுப்போகவே, நாட்டுப் பசுக்கள் ஈன்ற கன்றுகள் கலப்பினமாயின. எவரும் அவ்வினத்தை அழிக்க எண்ணியிலர்; எனினும் சில தலைமுறைகளுள் அது மறையும் நிலையை எய்தியது.

1989ல், மண்ணுத்தியிலிருந்த கேரள விவசாயப் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவர்தம் மாணவரும் ஊரூராகச் சென்று, எஞ்சிய வெச்சூர் மாடுகளைத் தேடினர். கிடைத்த சிலவற்றைக் கொண்டே அவ்வினம் மீண்டும் பெருக்கப்பட்டது. 2022ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

பால் குறைந்த மாட்டுக்கு இத்துணை முயற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். விடை பிறப்புரிமையியலில் உள்ளது. ஒரு மந்தையில் 1,000 பசுக்கள் இருப்பினும் காளைகள் 10 மட்டுமேயாயின், பரம்பரையலகுகளின் பன்மையைப் பொறுத்தவரை அம்மந்தை ஆணும் பெண்ணும் சமமாயுள்ள ஏறத்தாழ 40 மாடுகளுக்கே ஒப்பாகும். அடுத்த தலைமுறையின் பரம்பரையலகுகளுட் பாதி அப்பத்துக் காளைகளிடமிருந்தே வருதல் இதற்குக் காரணம்.

1962ல் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த 'அர்லிண்டா சீஃப்' என்னும் ஹொல்ஸ்டீன் காளை ஏறத்தாழ 16,000 பெண்கன்றுகளுக்குத் தந்தையாயிற்று. பால்வளத்தோடு, பரம்பரையலகுக் குறையொன்றும் அதன் வழித்தோன்றல்களிடையே பரவியது. பெற்றோருள் ஒருவழி மட்டும் வரும்போது தீங்கு செய்யாத அக்குறை, இருவழியும் வந்து சேர்ந்தபோது கருவைச் சிதைத்தது. இதனால் உலகெங்கும் ஏறத்தாழ 5 இலட்சம் கருக்கள் சிதைந்தன என 2016ல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சிறந்த காளையே ஆயினும் ஒன்றையே நம்பியதன் விலை இது.

நாளை வரும் நோயையோ வறட்சியையோ தாங்கும் இயல்பு எவ்வினத்தில் உண்டென முன்னரே அறிதல் அரிது. இழந்த பன்மையை மீளப் படைத்தலும் எளிதன்று. கலப்பினத்தை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. அதனோடு நாட்டினங்களும், போதிய காளைகளுடன், பேணப்படுதல் வேண்டும். ஆனால் அவற்றை வளர்ப்பவன் இழக்கும் வருவாயை அவன் தலையிலேயே சுமத்துதல் நீதியாகாது. அவன் காப்பது அனைவருக்குமான முதல். அதன் செலவிலும் அனைவரும் பங்கேற்றல் கடனாகும்.