சூராட் பெரானா எங்கே தொலைந்தது?

செமினிப் பக்கம் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "பெத்தவங்க அலட்சியம்" என்று முடித்துவிடுகிறோம். அலட்சியம்தான் காரணமென்றால், ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு அது எப்படித் தொடரும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய தாள்களைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் என் அப்பாவின் சூராட் பெரானா, அதாவது பிறப்புப் பத்திரம். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியது. பதிந்த இடம், காவல் நிலையம். அக்காலத்தில் உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே பிறப்பைப் பதியலாம். தோட்டத்து டிரஸ்ஸரோ கிராணியோ நினைவூட்டினால் வேலை நடந்துவிடும். லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவமாகி, யாரும் நினைவூட்டாவிட்டால் அந்தப் பிள்ளை எந்த ஏட்டிலும் இல்லை.

அன்று அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மெர்டேக்காவுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்திருந்தாலே குடியுரிமை உண்டு. 1962 அக்டோபர் 1 முதல் சட்டம் மாறியது: தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். பெற்றோரின் தாள் இல்லாமல் பிள்ளையின் தாள் செல்லாது என்றானது.

அடுத்த முடிச்சு கல்யாணத்தில் விழுந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. அதன்பின் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதியாவிட்டால், தகப்பன் குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான்.

அப்படி ஒரு சிறுமியின் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தகப்பனுக்கு நீல ஐசி. தாய் வீட்டில் பிறந்து பதியப்படாதவர். கல்யாணம் கோயிலோடு சரி. பிள்ளை பிறந்தது அரசு மருத்துவமனையில். ஆனாலும் குடியுரிமைக் கட்டத்தில் "புக்கான் வார்கனெகாரா" (குடிமகன் அல்ல). பாட்டி காலத்தில் விட்டுப்போன பதிவு பேத்தியின் தலையில் விடிந்திருக்கிறது.

2011இல் "மைடஃப்தார்" இயக்கம் இந்தியர்களிடம் நேரில் வந்து மனு வாங்கியது. தேசியப் பதிவிலாகாவின் "மேக்கார்" குழு, வர முடியாதவர்களைத் தேடிப் போகிறது. நல்ல காரியம். ஆனால் அலுவலக முகப்பே வீட்டு வாசலுக்கு வந்தாலும், அந்தக் காலத்துப் பிரசவத்துக்குச் சாட்சி சொல்ல மருத்துவச்சி உயிரோடு இல்லை; தோட்டமும் தாமான் ஆகிவிட்டது. பள்ளிப் பதிவேடு, தோட்டத்து ஏடு என்று கிடைத்ததையெல்லாம் சாட்சியாக ஏற்று விரைவாக முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளூர் அலுவலகத்துக்கு வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடுகிறது.

ஆகவே, கல்யாணத்தைப் பதியுங்கள். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதியுங்கள். வீட்டில் ஐசி இல்லாத பெண் இருந்தால், அவருடைய மனுவை முதலில் எழுதுங்கள்.