விலாசம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில், எங்கள் கடைவீதியில் மின்சாரம் இருக்கவில்லை. தொலைபேசியும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி என்று மண்சரிவுச் செய்திகள் மட்டும் ஓயவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எனது கைத்தொலைபேசி ஒலித்தது. மருதமுனையிலிருந்து ஒரு பெண்.

"நானா, அவள் இரிக்காளா?"

ஸலாம் சொல்லவும் அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. யாரைக் கேட்கிறார் என்று நானும் கேட்கவில்லை. "இருக்கிறாள். லயத்துச் சனத்தோடு பாடசாலையில் தங்கியிருக்கிறாள். சுகம்" என்றேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

இந்த இலக்கம் அவரிடம் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. அதில் நான் பெருமையோடு சொல்லக்கூடியது அதிகமில்லை.

2004 டிசம்பர். என்னிடம் டியூசன் படித்த பிள்ளை அவள். எங்கள் கடைவீதிக்கு மேலேயுள்ள லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளையும் அவள்தான். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள்.

ஹட்டன் பக்கத்து மார்கழியை அறிந்தவர்களுக்குத் தெரியும். பகலிலும் பனிமூட்டம் தேயிலைமேல் படுத்துக்கிடக்கும். ஒரு காம்பராவுக்குள் ஏழு பேர். கூடப் படித்தவர்களில் சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்களோடு இவளுக்குப் பேசப் பேச்சு இல்லாமல் போயிருந்தது. பேச்சிருந்த இருவர் தூரத்தில் இருந்தார்கள். விடுதியில் ஒரே அறைத் தோழிகள். ஒருத்தி மருதமுனை, மற்றவள் மட்டக்களப்பு நாவலடி.

மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். உம்மா கொடுக்கும் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பற்றியே பேசுவாள். மருதமுனைக்காரி வீட்டில் தறி இருப்பதையும், நாவலடிக்காரி கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கால் நனைக்க வைத்ததையும் எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கில்லை. கடைசியில் ஒருநாள் கேட்டாள்:

"சேர், ஒங்க கட விலாசத்தக் குடுக்கட்டுமா? ஆபீசுக்கு வந்தா கடிதாசி கைக்கு வர மாட்டேங்குதுங்க."

எங்கள் கடைக்கு இலக்கம் இருந்தது. தபால்காரர் நேரே வந்து கொடுப்பார். லயத்துக்கு இலக்கம் இல்லை. அங்குள்ளவர்களின் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், யாருக்காவது நினைவு வந்தபோது பெரட்டுக்களத்தில் கைமாறி வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்ததால் தொழிலை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். அதைப்பற்றிக் கூட்டங்களில் ஆவேசமாகப் பேசியும் இருக்கிறேன். ஆனாலும் அன்று, "லீவு முடியத்தானே போகிறது, பொறுங்கள்" என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. நான் கல்யாணமாகாத வாலிபன். கடை விலாசத்துக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயரில் கடிதங்கள் வந்தால் கடைவீதி என்ன பேசும், பள்ளிவாசல் முற்றத்தில் வாப்பாவிடம் யார் என்ன கேட்பார்கள் என்ற பயம். சிநேகிதிகளின் கடிதத்தில் என்ன அவசரம் என்ற எண்ணமும் இருந்தது.

"மறந்துட்டாங்க போல சேர்" என்றாள் ஒருநாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கடல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வானொலி சொன்னது. சுனாமி என்ற சொல்லை எங்களில் பலர் அன்றுதான் கேட்டோம். குடைகூட இல்லாமல் மலையிறங்கி ஓடிவந்தாள். கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது, கல்லடி, நாவலடி என்று ஊர்ப்பெயர்கள் வரவர அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உம்மா முஸல்லாவில் உட்கார்ந்து துஆக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நாட்டில் 30,000க்கும் மேற்பட்டவர்கள், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் என்று பின்னர் கணக்கு வந்தது. அன்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காகத்தான் காத்திருந்தோம்.

இரவு அவள் இரண்டு கடிதங்கள் எழுதினாள். எங்கள் கடை விலாசத்தைப் போடும்படி நானே சொன்னேன். இப்போது யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டு கிழமைக்கு முன்பும் பேசியிருக்க மாட்டார்களோ, என்னவோ.

ஜனவரி நடுவில் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. மருதமுனைப் பிள்ளை அகதி முகாமிலிருந்து எழுதியிருந்தாள். வீடும் தறியும் போய்விட்டன, தான் இருக்கிறேன் என்று. நாவலடிப் பிள்ளை இல்லை என்று.

அதற்கு நாலைந்து நாட்களுக்குப் பிறகு தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்கள் லயத்துக்கு வந்தன. அதில் இரண்டு நாவலடியிலிருந்து, டிசம்பர் 10ஆம் திகதியும் 20ஆம் திகதியும் எழுதியவை. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். இரண்டாவதை என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு வரி: "ஏன் புள்ள பதில் போடல்ல? மலைக்குப் போனதும் எங்களை மறந்திட்டியா?"

என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் கடை விலாசம் அவளுடையதாகவும் ஆயிற்று. பட்டம் பெற்றாள், ஆசிரியையானாள். மருதமுனைத் தோழியின் கல்யாண அழைப்பும், பின்னர் புதிய தறியில் நெய்த சாரியும் எங்கள் கடைக்கே வந்தன. காலம் மாறி எல்லோர் கையிலும் தொலைபேசி வந்தபோது, விலாசத்தின் இடத்தில் எனது இலக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவளைப் பிடிக்க முடியாவிட்டால் என்னைப் பிடிக்கலாம் என்று.

நவம்பரில் அந்த அழைப்பு வந்த மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு, சேறும் முறிந்த மரங்களுமாகக் கிடந்த பாதையால் பாடசாலைக்கு ஏறிப்போனேன். வகுப்பறையொன்றில் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மருதமுனையிலிருந்து விசாரித்தார்கள் என்று சொன்னேன். கேத்தலைக் கீழே வைத்தாள்.

"பதில் சொல்லிட்டீங்கதானே சேர்?"

"உடனேயே சொல்லிவிட்டேன்" என்றேன்.